யூக்ளினா தாவரத்துக்கும் விலங்குக்கும் நடுவில் நிற்கும் உயிரா?

வாசகரின் கேள்வி, 11 பிப்ரவரி 2023

குளத்து நீரில் வாழும் ஒருசெல் நுண்ணுயிரான யூக்ளினாவிடம் பசுங்கணிகம் இருக்கிறது, வெயிலில் தானே உணவு தயாரித்துக்கொள்கிறது. அதே யூக்ளினா நீந்துகிறது, கண்ணும் வைத்திருக்கிறது, இருட்டில் விட்டால் விலங்கைப் போல உண்டு வாழ்கிறது. தாவரமும் விலங்கும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தன என்றால், பிரிந்த இடத்திலேயே நின்றுவிட்ட உயிர் இதுதானே? பள்ளியில் இதை இணைப்பு உயிரி என்றுதான் படித்தோம். மறுக்கிறவர்கள் எதை வைத்து மறுக்கிறார்கள்?

11 பிப்ரவரி 2023, இரவு

மறுக்கிறவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகள் வகுப்பறையில் நீங்கள் எழுதியிருப்பதையே சொல்லிக்கொடுத்தவன் என்பதால், இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

யூக்ளினாவின் பச்சை அதன் பிறவிச் சொத்து அன்று. அதன் மூதாதை நிறமற்றது. பிற நுண்ணுயிர்களை விழுங்கி வாழ்ந்த, கசையிழை என்ற சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஓர் உயிரி. அம்மூதாதை வழியில் வந்த ஒன்று பச்சைப்பாசி செல் ஒன்றை விழுங்கிச் செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. விழுங்கப்பட்ட பாசியின் உட்கருவும் மற்ற உறுப்புகளும் காலப்போக்கில் மறைந்தன. பசுங்கணிகம் மட்டும் எஞ்சியது. பச்சைப்பாசிகளிலும் நிலத்தாவரங்களிலும் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள்தான் உண்டு. யூக்ளினாவில் மூன்று. இந்த மூன்றாவது சவ்வை முன்வைத்துத்தான், யூக்ளினாவின் பசுங்கணிகம் உள்ளே குடியேறிய பச்சைப்பாசியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சாரா கிப்ஸ் 1978இல் வாதிட்டார். மரபணு வரிசைகளைப் படிக்கும் காலம் வந்தபோது அவர் கூறியது உறுதிப்பட்டது. யூக்ளினாவின் பசுங்கணிக மரபணுக்கள் பைரமிமோனாஸ் என்ற பச்சைப்பாசிக் கூட்டத்தோடு போய்ச் சேர்கின்றன. அதே செல்லின் உட்கரு மரபணுக்களோ ஆப்பிரிக்கத் தூக்கநோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமாவோடு சேர்கின்றன.

ஆகவே யூக்ளினாவின் பச்சையைப் பார்த்து அது தாவரத்துக்குப் பாதி உறவு என்பது, குடியிருக்க வந்தவரின் முகச்சாயலைப் பார்த்து வீட்டுக்காரரின் குலத்தைச் சொல்வதற்கு ஒப்பாகும். தாவரமும் விலங்கும் பிரிந்த இடத்தில் யூக்ளினா நிற்கவில்லை. அந்தப் பிரிவுக்கு வெளியே, வேறொரு கிளையின் நுனியில் நிற்கிறது. இருட்டில் வைத்தால் அதன் பசுங்கணிகம் அழிந்துபோகிறது என்பதே, அது இரவல் பொருள் என்பதற்குச் சான்று.

12 பிப்ரவரி 2023, காலை

நேற்று எழுதியதன் கடைசி வாக்கியம் தவறு. இரவெல்லாம் அது மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

இருட்டில் யூக்ளினா கிராசிலிஸ் வெளுக்கிறது என்பது உண்மை. ஆனால் பசுங்கணிகம் அழிவதில்லை. சுருங்கி, பச்சையத்தை இழந்து, முன்கணிகம் என்ற எளிய நிலைக்குத் திரும்புகிறது. மீண்டும் வெளிச்சத்தில் வைத்தால் ஏறத்தாழ மூன்று நாட்களில் முழுப் பசுங்கணிகமாக வளர்ந்துவிடுகிறது. திரும்பி வராத இழப்பு வேறு வழியில் நேர்கிறது. 1948இல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை யூக்ளினாவுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள், செல்கள் சாகாமல் நிறத்தை மட்டும் நிரந்தரமாக இழப்பதைக் கண்டார்கள். காச நோய்க்கு எதிராகப் பயன்பட்ட அதே மருந்துதான். பாக்டீரியாவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தாக்குவது அதன் வேலை; பசுங்கணிகத்தின் தொலைமூதாதை நீலப்பசும் பாக்டீரியா என்பதால் அதன் ரைபோசோமும் பாக்டீரியா வகைப்பட்டது, எனவே அதுவும் அடிவாங்குகிறது. வெப்பத்தை 34 பாகை செல்சியசுக்கு மேல் வைத்து வளர்த்தாலும் இதே முடிவு கிடைக்கிறது. வெளுத்த செல்களின் சந்ததிகள் கரைந்த சத்துகளை உறிஞ்சிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். இது என் தவறன்று, கேள்வியில் உள்ளது. "விலங்கைப் போல உண்டு வாழ்கிறது" என்பது சரியல்ல. பச்சை யூக்ளினா எதையும் விழுங்குவதில்லை. அதன் முன்முனையில் உள்ள குழியைப் பழைய நூல்கள் தொண்டை என்றும் வாய் என்றும் எழுதின. அது கசையிழைகள் கிளம்பும் பை மட்டுமே. அதன் அருகில் உள்ள சுருங்கும் நுண்குமிழ், செல்லுக்குள் ஓயாமல் புகும் உபரி நீரை அந்தப் பைக்குள்தான் வெளியேற்றுகிறது. இருட்டில் யூக்ளினா வாழ்வது உடற்பரப்பின் வழியாகக் கரைந்த பொருட்களை உறிஞ்சித்தான். வாழும் முறையைக் கொண்டு ஒப்பிடுவதானால் விலங்கைவிடக் காளானே பொருத்தமான ஒப்புமை.

12 பிப்ரவரி 2023, மாலை

சொல்வதோடு நிற்காமல் செய்தே பார்க்கலாம் என்று, மாட்டுக்கொட்டிலின் பின்னால் தேங்கிய பச்சை நீரைத் துணியில் வடிகட்டி ஒரு மருந்துக் குப்பியில் அடைத்து, கறுப்புத் துணி சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். சாணம் கலந்த நீரில் யூக்ளினா தழைக்கும்.

19 பிப்ரவரி 2023

"மூன்று சவ்வுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும், எங்களைப் போன்றவர்கள் பார்க்கக்கூடிய சான்று உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் போதும்.

தாவரங்களும் பச்சைப்பாசிகளும் தயாரித்த உணவை மாவுச்சத்தாகச் சேமிக்கின்றன. மாவுச்சத்து அயோடின் பட்டால் கருநீலமாகும். யூக்ளினா சேமிப்பது பாராமைலான் என்ற வேறொரு பொருள். இரண்டுமே குளுக்கோசால் ஆனவை என்றாலும் கண்ணிகள் கோத்திருக்கும் முறை வேறு. அதனால் பாராமைலான் அயோடினுக்கு நிறம் மாறுவதில்லை. மேலும் மாவுச்சத்து பசுங்கணிகத்தின் உள்ளே உருவாகிறது, பாராமைலானோ பசுங்கணிகத்துக்கு வெளியே செல்லின் உடலில் மணிமணியாகத் தங்குகிறது.

வெள்ளிக்கிழமை இதைச் செய்தேன். ஒரே ஸ்லைடில் யூக்ளினாவும், வாய்க்காலில் அள்ளிய ஸ்பைரோகைரா என்ற பச்சைப்பாசியின் இழை ஒன்றும் இருந்தன. கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் அயோடின் சொட்டு, எதிர் விளிம்பில் மை ஒற்றும் தாள். தாள் நீரை இழுக்க, மஞ்சள் நிறம் மெல்லப் பரவியது. ஸ்பைரோகைராவின் சுருள் நாடாவில் வரிசையாக இருந்த மணிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. யூக்ளினாக்கள் நின்றுவிட்டன, பழுப்பேறின, ஆனால் உள்ளே இருந்த மணிகளில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. இன்னொரு பயனும் கிடைத்தது. உயிரோடு இருக்கும்போது கண்ணுக்கு அகப்படாமல் சுழலும் கசையிழை, அயோடின் பட்டு நின்றதும் தெளிவாகத் தெரிந்தது. அடைத்த வாசலில் நூலிழை தொங்குவதைப் போல, முன்முனையிலிருந்து உடல் நீளத்துக்குக் கிடந்தது.

பச்சை நிறம் ஒன்றாக இருக்க, சேமிப்பு வேறாக இருப்பதை இப்படிக் கண்ணால் பார்த்த பிறகு, "பச்சை, ஆகவே தாவரம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

26 பிப்ரவரி 2023

கேள்வியாளர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "அப்படியானால் தாவரத்துக்கும் விலங்குக்கும் உண்மையிலேயே நெருங்கிய ஒருசெல் உறவினர் யார்? அவர்களும் குளத்து நீரில் இருக்கிறார்களா?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து எழுதலாம் என்று தோன்றுகிறது. இருக்கிறார்கள், இருவரும், சில சமயம் ஒரே சொட்டில்.

தாவரத்தின் பக்கம் முதலில். நெல்லும் தென்னையும் பெரணியும் அடங்கிய நிலத்தாவரங்களுக்கு மிக நெருங்கிய பாசிக்குழு எது என்று மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கிடைத்த விடை பலரை வியக்க வைத்தது. கிளைகளும் கணுக்களும் கொண்டு செடியைப் போலவே தோன்றும் காரா பாசி முதலிடத்துக்கு வரவில்லை. ஸ்பைரோகைராவும், டெஸ்மிட் எனப்படும் ஒருசெல் பாசிகளும் அடங்கிய குழுதான் வந்தது. அந்த டெஸ்மிட்களில் குளோஸ்டீரியத்தைப் பிறைச்சந்திரன் என்றே சொல்லலாம். அவ்வளவு ஒழுங்கான வளைவு. அதன் இரு முனைகளிலும் ஒரு சிறு குமிழ் இருக்கும். 400 மடங்கில் பாருங்கள்: குமிழுக்குள் கடுகு சிதறியதைப் போல நுண்படிகங்கள் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அவை சல்பேட் உப்பின் படிகங்கள்; நடுக்கம் நீர் மூலக்கூறுகள் இடிப்பதால் வருவது. முதன்முதலில் அதைப் பார்த்த மாலையில் நான் சாப்பிட எழுந்திருக்கவே இல்லை.

விலங்கின் பக்கம், கழுத்துப்பட்டை கொண்ட கசையிழை உயிரிகள். பாசி இழையின்மேல் காம்பூன்றி நிற்கும் சின்னஞ்சிறு முட்டை வடிவச் செல். நீளம் 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவு, யூக்ளினாவின் ஐந்தில் ஒரு பங்கு. அதன் ஒற்றைக் கசையிழையைச் சுற்றி நுண்விரல்களால் ஆன ஒரு பட்டை நிற்கிறது. கசையிழை நீரை ஓட்ட, அந்த ஓட்டத்தில் வரும் பாக்டீரியாக்கள் பட்டையில் ஒட்டிக்கொள்கின்றன. செல் அவற்றை விழுங்குகிறது. கடற்பஞ்சுகளின் உட்சுவரில் உள்ள செல்கள் இதே வடிவத்தில் இருப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள். இன்று மரபணுச் சான்றும் சேர்ந்து, விலங்குகள் அனைத்துக்கும் மிக நெருங்கிய உயிருள்ள உறவினர் இவைதாம் என்பது நிலைபெற்றுவிட்டது. என் நுண்ணோக்கியில் பட்டை ஒரு மெல்லிய நிழலாகத்தான் தெரிகிறது. அதுவும் விளக்குத் துவாரத்தைக் குறுக்கிய பிறகு.

கசையிழை எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதையும் கவனியுங்கள். இந்த உயிரி தன் நிலையை விட்டு நீந்தும்போது கசையிழை பின்னால் இருந்து தள்ளுகிறது, நம் விந்தணுவைப் போல. விலங்குகளும் காளான்களும் இவையும் அடங்கிய பெருங்குழுவின் பெயரான ஒபிஸ்தோகொண்டா என்பதே பின்பக்கக் கசையிழை என்ற பொருளில் அமைந்தது. யூக்ளினாவின் கசையிழையோ முன்முனையில் இருக்கிறது.

ஆக, அந்தச் சொட்டில் தாவரத்தின் உறவினர் நீந்தத் தெரியாத பச்சைப் பிறை. விலங்கின் உறவினர் காம்பில் ஒட்டி நிற்கும் நிறமற்ற முட்டை. இரண்டுக்கும் நடுவில் பச்சையாக நீந்தி ஓடும் யூக்ளினா இரண்டில் எதற்கும் நெருங்கியது அன்று.

27 பிப்ரவரி 2023

அலமாரிக் குப்பியைத் திறந்தேன். எல்லாம் இறந்துவிட்டன. வடிகட்டிய நீரில் உறிஞ்சுவதற்குச் சத்து போதவில்லை என்று நினைக்கிறேன். மீண்டும் தொடங்க வேண்டும். இம்முறை வேகவைத்த அரிசி இரண்டு மணிகள் போடுவேன்.

3 மார்ச் 2023

யூக்ளினாவையும் டிரிப்பனோசோமாவையும் ஒரே குடும்பத்தில் வைப்பதை நம்ப முடியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்று குட்டையில் வெயில் காய்வது, மற்றது இரத்தத்தில் வாழ்ந்து மனிதரைக் கொல்வது என்றால் எவருக்கும் ஐயம் வரத்தான் செய்யும். மரபணு வரிசையை ஒதுக்கிவைத்துவிட்டு அமைப்பை மட்டும் பார்ப்போம். இரண்டிலும் கசையிழையின் உட்கூட்டுக்கு இணையாகப் புரதத்தாலான ஒரு தண்டு ஓடுகிறது. இப்படிப்பட்ட தண்டு மற்றக் கசையிழை உயிரிகளில் அரிது. இரண்டிலும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் தட்டையான வட்டுகளாக, குறுகிய காம்பில் மேசைப்பந்து மட்டைகளைப் போல நிற்கின்றன. இரண்டிலும் தூது ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றின் தலைப்பிலும் வேறிடத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரே மாதிரித் துண்டு ஒட்டப்படுகிறது. மூன்று தனித்தனி வேலைகளில் ஒரே வினோதமான வழக்கம் இருப்பது தற்செயல் ஆகாது.

இந்தக் குடும்பத்துக்கு நம் சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. டிரிப்பனோசோமாவின் நெருங்கிய உறவான லீஷ்மேனியா, கறுங்காய்ச்சல் என்ற காலா அசாருக்குக் காரணம். 1903இல் மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டொனோவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் அந்த நுண்ணுடல்களைக் கண்டார். அதே ஆண்டு சற்று முன்னதாக, டம்டம்மில் பணியாற்றி நோயுற்று இறந்த படைவீரர் ஒருவரிடம் தாம் கண்டதை வில்லியம் லீஷ்மன் இங்கிலாந்தில் வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டொனோவனி என்று பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். குட்டையில் யூக்ளினாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மருத்துவமனை நினைவுக்கு வருகிறது.

5 மார்ச் 2023

கண்ணைப் பற்றிச் சுருக்கமாக. யூக்ளினா என்ற பெயரை 1830இல் வைத்த எரன்பெர்க், அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்ணென்றே கருதினார். நல்ல கண்ணுடையது என்பதுதான் பெயரின் பொருள். ஆனால் ஒளியை உணர்வது அந்தப் புள்ளி அன்று. கசையிழையின் அடியில் உள்ள ஒரு சிறு வீக்கமே உணர்கிறது. உடல் சுழலும்போது சிவப்புப் புள்ளி அதன்மீது நிழல் விழச் செய்து, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதைத் தெரியச் செய்கிறது. கண்ணைவிட, கண்ணுக்கு மேல் வைத்த கை என்பது பொருத்தமாக இருக்கும். கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசிக்கும் சிவப்புப் புள்ளி உண்டு. அது பசுங்கணிகத்தின் உள்ளேயே இருக்கிறது. யூக்ளினாவினுடையது பசுங்கணிகத்துக்கு வெளியே தனித்து இருக்கிறது. தோற்றம் ஒன்று, வந்த வழி வேறு.

12 மார்ச் 2023

வகைப்பாட்டின் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். முழுவதையும் எழுதப் போவதில்லை. யூக்ளினா தொடர்பானதை மட்டும் சொல்கிறேன்.

1674 செப்டம்பரில் டெல்ஃப்ட் நகருக்கு அருகிலுள்ள ஏரி நீரைப் பார்த்த லீவன்ஹூக், நடுவில் பச்சையாகவும் முன்னும் பின்னும் வெண்மையாகவும் இருந்த சிற்றுயிர்களைப் பற்றி எழுதினார். அவை யூக்ளினாவாகவே இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவருடைய கடிதங்களை ஆராய்ந்த கிளிஃபர்டு டோபெல் கருதினார். தாவரம், விலங்கு என்ற இரண்டு உலகங்கள் மட்டுமே இருந்த காலத்தில் இவ்வுயிரைத் தாவரவியலாரும் உரிமை கொண்டாடினார்கள், விலங்கியலாரும் உரிமை கொண்டாடினார்கள். 1866இல் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்ற மூன்றாம் உலகத்தை முன்வைத்தார். 1969இல் விட்டேக்கர் வகுத்த ஐந்துலக வகைப்பாடுதான் நம் பள்ளிகளில் நிலைத்தது.

பெயரிடும் சட்டத்தில் பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. விலங்குகளுக்கு ஒரு பெயரிடல் விதித்தொகுப்பு, பாசிகள் காளான்கள் தாவரங்களுக்கு வேறொரு விதித்தொகுப்பு. யூக்ளினா இரண்டிலும் இருக்கிறது. அதனால் அதன் குடும்பத்தை ஒருவர் யூக்ளினேசியே என்றும் மற்றவர் யூக்ளினிடே என்றும் எழுதுகிறார்கள். இருவரும் விதிப்படியே எழுதுகிறார்கள். யூக்ளினாவின் நிறமற்ற உறவினரான பெரனிமாவின் நிலை இன்னும் சிக்கலானது. அதே பெயரில் இமயமலைப் பகுதியில் ஒரு பெரணிப் பேரினம் அதற்கு முன்பே பெயரிடப்பட்டிருக்கிறது. விலங்கியல் விதிப்படி நுண்ணுயிருக்கு அப்பெயர் செல்லும், தாவரவியல் விதிப்படி செல்லாது.

இரண்டாம் குப்பியை இன்று காலை அலமாரியில் வைத்தேன்.

14 மார்ச் 2023

பெரனிமாவைப் பற்றி எழுதிய கையோடு அதையே நேற்று பார்த்தேன் என்பது பெரிய மகிழ்ச்சி. அடையாளம் காண்பது எளிது. கசையிழையைக் கைத்தடி நீட்டுவதைப் போல நேராக முன்னே நீட்டிக்கொண்டு வழுக்கிச் செல்கிறது. நுனி மட்டும் துடிக்கிறது. யூக்ளினா செய்யாததை இது செய்கிறது: விழுங்குகிறது, யூக்ளினாவையே முழுதாக விழுங்குகிறது. யூக்ளினாவின் மூதாதை எப்படி வாழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க இதைவிட நல்ல உதவி இல்லை.

முதல் நாள் எழுதியதில் இப்போது ஒரு சொல் இடறுகிறது. ஒரு பாசியை விழுங்கியது, வைத்துக்கொண்டது என்று ஒரே நாளில் நடந்த நிகழ்ச்சியைப் போல எழுதிவிட்டேன். ரப்பாசா விரிடிஸ் என்ற கடல்வாழ் யூக்ளினா உறவினர் 2012இல் விவரிக்கப்பட்டபோது, அது சொந்தப் பசுங்கணிகம் வைத்துக்கொண்டே பாசியையும் உண்கிறது என்று கருதினார்கள். நானும் அதை இடைநிலை உயிர் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். பின்னர் வந்த ஆய்வு, அதற்குச் சொந்தப் பசுங்கணிகமே இல்லை, டெட்ராசெல்மிஸ் என்ற பச்சைப்பாசியை உண்டு அதன் பசுங்கணிகத்தைத் திருடிப் பயன்படுத்துகிறது என்று காட்டியது. விழுங்குவதும் சில காலம் பயன்படுத்துவதும் செரிப்பதும் மீண்டும் விழுங்குவதும் எண்ணற்ற தலைமுறைகள் நடந்த பிறகே நிலையான குடியிருப்பு வந்திருக்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன்.

2 ஏப்ரல் 2023

எங்கள் ஊர்க் குளத்தில் இந்த வாரம் செந்நிற ஏடு படர்ந்தது. சாயத் தண்ணீர் கலந்துவிட்டதாகச் சிலர் அஞ்சினார்கள். காலை ஏழு மணிக்கு நான் போனபோது ஏடு பச்சையாக இருந்தது. நண்பகலில் செங்கல் நிறம். மாலை ஆறு மணிக்கு மீண்டும் பச்சை. சாயம் இப்படி நேரம் பார்த்து நிறம் மாறாது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததும் விளங்கியது: யூக்ளினா சாங்குவினியா. அதன் உடலில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி மணிகள் உண்டு. கடும் வெயிலில் மணிகள் உடலின் ஓரத்துக்குப் பரவிப் பசுங்கணிகங்களுக்குக் குடைபிடிக்கின்றன. வெயில் தாழ்ந்ததும் நடுவில் கூடிவிடுகின்றன.

மீன் வளர்ப்பவர்கள் இதை அசட்டை செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சிற்றினத்திலிருந்து யூக்ளினோஃபைசின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அது மீன்களைக் கொல்லும்.

9 ஏப்ரல் 2023

"பச்சை நிறம் உறவைக் காட்டாது என்பதை ஏற்கிறேன், வடிவமாவது காட்டுமா?" இது புதியவர் ஒருவரின் கேள்வி.

அமீபா வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் வரும் அமீபா புரோட்டியஸ் அமீபோசோவா என்ற பெருங்குழுவைச் சேர்ந்தது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியாவும் போலிக்கால் நீட்டி ஊரும் அமீபாதான். ஆனால் அது யூக்ளினாவுக்கே நெருங்கிய உறவு. உப்புச்செறிவு குறைந்த நீரில் விட்டால் அது சிறிது நேரத்தில் இரண்டு கசையிழைகளை முளைக்கவிட்டு நீந்தத் தொடங்கிவிடும். மூளையைத் தாக்கும் நெக்லேரியா ஃபவுலரி இந்தப் பேரினத்தில் ஒன்று. ஓடு கட்டிக்கொள்ளும் அமீபாக்களும் அப்படியே. மணல் துகள்களை ஒட்டிக் குடுவை கட்டும் டிஃப்ளூஜியா அமீபோசோவாவில் இருக்கிறது. சிலிக்கா செதில்களை ஓடு வேய்வதைப் போல அடுக்கும் யூகிளிஃபா ரைசேரியா என்ற வேறொரு பெருங்குழுவில் இருக்கிறது. ஓட்டை மறந்து போலிக்காலைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: முன்னது விரலைப் போல மழுங்கியது, பின்னது நூலைப் போல மெலிந்தது. கதிரவன் வடிவத்தில் எல்லாத் திசையிலும் கதிர் நீட்டும் ஆக்டினோஃபிரிஸ், டயாட்டம் எனப்படும் சிலிக்கா ஓட்டுப் பாசிகளின் பெருங்குழுவில் சேர்கிறது. பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வேறு சில கதிர் உயிரிகள் அங்கே சேர்வதில்லை.

யூகிளிஃபாவின் உறவினர்களில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 1895இல் ராபர்ட் லாட்டர்போர்ன் ஜெர்மனியில் விவரித்த பாலினெல்லா குரோமடோஃபோரா. செதில் ஓட்டுக்குள் இருக்கும் இந்த நன்னீர் அமீபாவுக்குள் வளைந்த நீலப்பச்சைக் குழல்கள் இரண்டு இருக்கின்றன. இவை தாவரங்களின் பசுங்கணிகத்திலிருந்து வந்தவை அல்ல. தாவர வழியில் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நடந்ததை, அதாவது நீலப்பசும் பாக்டீரியாவை நேரடியாக விழுங்கி உறுப்பாக்கிக்கொண்டதை, இந்த அமீபாவின் வழி தனியாக மீண்டும் செய்திருக்கிறது, ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இதை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு குளத்தின் அடிச்சேற்றையும் அதற்காகவே தேடிக்கொண்டிருக்கிறேன்.

10 ஏப்ரல் 2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வடிவத்தை வைத்து இட்ட பெயர்களால் பயனே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. அமீபா, கசையிழை உயிரி, ஓட்டமீபா என்பவை தொழிற்பெயர்களைப் போன்றவை. அவ்வுயிர் எப்படி நகர்கிறது, எப்படி உண்கிறது என்பதைச் சொல்கின்றன. நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவருக்கு முதலில் தேவைப்படுவதும் அதுவே. அவற்றை வம்சப் பெயர்களாக எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழை வருகிறது.

வம்சப் பெயர்களும் கல்லில் செதுக்கியவை அல்ல. உலகப் புரோட்டிஸ்ட் அறிஞர் சங்கத்தினர் 2005இல் வெளியிட்ட வகைப்பாட்டில் யூக்ளினா எக்ஸ்கவேட்டா என்ற பெருங்குழுவில் இருந்தது. 2019 பதிப்பில் அந்தப் பெருங்குழு ஒரே வம்சமாக ஏற்கப்படவில்லை. யூக்ளினா டிஸ்கோபா என்ற குழுவில் நிற்கிறது. என் ஸ்லைடுப் பெட்டியில் யூக்ளினா அகஸ் என்று ஒட்டியிருந்த ஊசி வடிவ உயிர் 2003 முதல் லெப்போசிங்கிளிஸ் அகஸ் ஆகிவிட்டதை மிகத் தாமதமாக அறிந்து, சென்ற ஆண்டுதான் சீட்டை மாற்றினேன்.

16 ஏப்ரல் 2023

சிற்றினம் என்றால் தமக்குள் இணைந்து இனம்பெருக்குவது என்ற வரையறை யூக்ளினாவுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு: பொருந்தாது. யூக்ளினாவில் பாலினப்பெருக்கத்தை எவரும் ஐயமறக் கண்டதில்லை. அது முன்முனையிலிருந்து நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறது. பாரமீசியம் என்ற மற்றொரு ஒருசெல் உயிரியைப் போலக் குறுக்கே பிளப்பதில்லை. பாரமீசியத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. 1937இல் சோன்போர்ன் பாரமீசியம் அவ்ரீலியாவில் எது எதோடு இணையும் என்பதைத் தீர்மானிக்கும் இணைவு வகைகளைக் கண்டுபிடித்தார். அதன் வழியாக, ஒரே சிற்றினம் என்று நினைத்தவை தமக்குள் இணையாத பல கூட்டங்கள் என்று தெரிந்தது. 1975இல் அவர் அவற்றில் 14க்குத் தனிப் பெயரிட்டார். நுண்ணோக்கியில் பார்த்து அவற்றைப் பிரித்தறிய முடியாது. யாரோடு இணையும் என்று பாரமீசியத்துக்கே தெரிந்திருக்கிறது.

23 ஏப்ரல் 2023

இரண்டாம் குப்பி. அரிசி மணிகள் கூழாகி நாற்றமெடுத்தாலும் உயிர்கள் பிழைத்திருந்தன. ஐந்தரை வாரம் கழித்து வியாழக்கிழமை காலை திறந்தபோது நீர் கஞ்சித்தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஸ்லைடில் வைத்தால் யூக்ளினாக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பச்சை இல்லை, சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தது. குப்பியை நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று முடிவுகட்ட முடியாத அளவுக்கு ஒரு வெளிர்மஞ்சள். சனிக்கிழமை இளம்பச்சை. இன்று காலை நீருக்கே நிறம் வந்துவிட்டது. ஒவ்வொரு செல்லிலும் பசுங்கணிகங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று மட்டும் பச்சையாகவில்லை. வெளுத்துப்போன யூக்ளினா என்றெண்ணி உயர் உருப்பெருக்கத்துக்கு மாற்றிப் பார்த்தேன். கசையிழை முன்னால் நேராக நீண்டிருந்தது, நுனி மட்டும் துடித்தது. அதன் உடலின் நடுவே, சிவப்புப் புள்ளி இன்னும் கரையாமல், பச்சையாக ஒரு யூக்ளினா கிடந்தது.